எலும்புத் திருகாணியின் நீளம் எவ்வாறு அளக்கப்படுகிறது?

எலும்பு முறிவுக்காக அறுவை மருத்துவம் செய்துகொண்டவரின் எக்ஸ்ரே படத்தில் ஓர் உலோகத் தகடும், அதன் துளைகள் வழியே எலும்பினுள் செல்லும் பல திருகாணிகளும் காணப்படும். பேச்சு வழக்கில் பிளேட், ஸ்க்ரூ எனப்படுபவை இவையே. இத்திருகாணிகள் அனைத்தும் ஒரே நீளம் உடையவையாக இருப்பதில்லை. எலும்பின் பருமன் இடத்துக்கு இடம் மாறுவதால், ஒரே தகட்டின் அடுத்தடுத்த துளைகளுக்குக்கூட வெவ்வேறு நீளங்கள் தேவைப்படும். ஒவ்வொன்றின் நீளமும் அறுவை அரங்கில், அந்தந்தத் துளையை அளந்த பின்னரே முடிவு செய்யப்படுகிறது.

உடலின் பல இடங்களில் ஓரிரு மில்லிமீட்டர் வேறுபாட்டால் தீங்கு எதுவும் நேர்வதில்லை. மணிக்கட்டின் பின்புறம், இடுப்பு மூட்டு, தோள் மூட்டு போன்ற சில இடங்களில் அதே வேறுபாடு ஒரு விரலின் இயக்கத்தையோ ஒரு மூட்டின் ஆயுளையோ பாதிக்கக்கூடும். சென்னையின் மேற்குப் புறநகர்ப் பகுதிகளான அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி ஆகியவற்றில் வாழ்வோர் இச்செய்தியை அறிந்திருப்பது பயனுள்ளது. சென்னை–திருவள்ளூர் நெடுஞ்சாலையிலும் பூந்தமல்லி நெடுஞ்சாலையிலும் இருசக்கர வாகனத்திலிருந்து விழுந்து கையை ஊன்றுவோர், தொழிற்கூடங்களில் இயந்திரத்தில் கை சிக்கிக்கொள்வோர், வீட்டில் வழுக்கி விழும் முதியோர் ஆகியோரே இத்தகைய அறுவை மருத்துவத்துக்குப் பெரிதும் உட்படுகின்றனர்.

துளையிடுதல், அளத்தல், முடுக்குதல்

கை, கால்களின் நீண்ட எலும்பு ஒரு குழாயைப் போன்றது. வெளியே கெட்டியான சுவரும், உள்ளே மஜ்ஜை நிறைந்த வெற்றிடமும் உண்டு. எலும்பின் முனைப்பகுதிகளில் அவ்வெற்றிடத்துக்கு மாறாகப் பஞ்சு போன்ற மென்மையான எலும்பு நிறைந்திருக்கும். திருகாணிக்குப் பிடிமானம் தருவது பெரும்பாலும் கெட்டியான சுவரே. ஆகவே எலும்பின் நடுத்தண்டில் பொருத்தப்படும் சாதாரணத் திருகாணி, தகட்டை ஒட்டியுள்ள அண்மைச் சுவரையும் அதற்கு எதிரேயுள்ள சுவரையும் கடந்து இரண்டிலும் பிடித்திருக்க வேண்டும்.

அம்பத்தூர் தொழிற்பேட்டையில் லேத், டிரில்லிங் இயந்திரங்களில் பணிபுரிவோர்க்கு இதன் செயல்முறை புதிதாகத் தோன்றாது. முதலில் துளையிடுதல், பிறகு ஆழம் அளத்தல், தேவைப்பட்டால் டேப் கொண்டு மரை வெட்டுதல், இறுதியாகத் திருகாணியை முடுக்குதல் என்பதே வரிசை. 3.5 மி.மீ. விட்டமுள்ள திருகாணிக்கு 2.5 மி.மீ. துளையும், தொடை எலும்பு போன்ற பெரிய எலும்புகளில் பயன்படும் 4.5 மி.மீ. திருகாணிக்கு 3.2 மி.மீ. துளையும் இடப்படும். 1958-ஆம் ஆண்டு மாரிஸ் முல்லர் முதலான சுவிட்சர்லாந்து அறுவை மருத்துவர்கள் தொடங்கிய ஏ.ஓ. என்னும் குழு இக்கருவிகளையும் செயல்முறையையும் ஒழுங்குபடுத்தியது. உலகின் பெரும்பாலான நாடுகளில் இன்றும் அதே வரிசையே பின்பற்றப்படுகிறது.

பட்டறைக்கும் அறுவை அரங்குக்கும் உள்ள வேறுபாடு ஒன்றே. பட்டறையில் வேலைப்பொருளைத் திருப்பி, துளை மறுபக்கம் எங்கே வெளிவந்துள்ளது என்று பார்க்க இயலும். அறுவை அரங்கில் அது இயலாது. எலும்பின் மறுபக்கத்தைத் தசையும் நரம்பும் இரத்தக் குழாயும் மூடியிருக்கும். அதைப் பார்ப்பதற்காக அவற்றையெல்லாம் பிரித்தால், எலும்பு கூடுவதற்குத் தேவையான இரத்த ஓட்டமே குறைந்துவிடும். எனவே கண்ணால் காணாத ஒரு பரப்பை, ஒரு பக்கத்திலிருந்து தொட்டுணர்ந்து அளக்க வேண்டியுள்ளது.

இதற்குப் பயன்படும் கருவி டெப்த் கேஜ் எனப்படும் ஆழமானி. மெல்லிய கம்பி ஒன்றும், அதன் நுனியில் சிறு கொக்கியும், கம்பியின் மேல் நகரும் அளவுக்குழலும் இதன் உறுப்புகள். கம்பியைத் துளைக்குள் செலுத்தி, எதிர்ச்சுவரைக் கடந்ததும் மெல்லப் பின்னிழுத்தால் கொக்கி அச்சுவரின் வெளி விளிம்பில் மாட்டிக்கொள்ளும். பின்னர் அளவுக்குழலைத் தகட்டின் மீது படியும்வரை நகர்த்தி, மில்லிமீட்டர் குறியைப் படிப்பர். மரை வெட்டும் முன்பே இவ்வளவு எடுக்கப்படும். மரை வெட்டிய பிறகு அளந்தால் கொக்கி அந்த மரையைச் சிதைத்துவிடக்கூடும்.

சிறிய திருகாணிகள் பொதுவாக 2 மி.மீ. இடைவெளியில் தயாரிக்கப்படுகின்றன: 12, 14, 16, 18 என. முன்கை எலும்பில் ஆழமானி 15 எனக் காட்டினால் மருத்துவர் பெரும்பாலும் 16 மி.மீ. திருகாணியையே கேட்பார். திருகாணியின் நுனிப்பகுதி கூம்பி இருப்பதாலும், தானே மரை வெட்டிக்கொள்ளும் வகையில் அங்கே வெட்டுப் பள்ளங்கள் இருப்பதாலும் அப்பகுதிக்குப் பிடிமானம் குறைவு. அது எதிர்ச்சுவரை 1 முதல் 2 மி.மீ. கடந்து நின்றால்தான் முழுமையான மரை சுவருக்குள் அமையும். 3.5 மி.மீ. திருகாணி ஒரு முழுச் சுற்றுக்கு 1.25 மி.மீ. முன்னேறும். ஆகவே 2 மி.மீ. என்பது ஒன்றரைச் சுற்றுக்குச் சற்று மிகுதியான மரை. எலும்புத் தேய்மானம் உள்ளவர்களில் சுவரே மெலிந்திருப்பதால் இந்த ஒன்றரைச் சுற்றின் பிடிமானம் பெரிதும் தேவைப்படும்.

தலைப்பகுதியிலும் மரை கொண்டு தகட்டுடனேயே பூட்டிக்கொள்ளும் திருகாணிகளும் உள்ளன. இவை லாக்கிங் திருகாணிகள் எனப்படும். தகடும் திருகாணியும் ஒரே சட்டம் போல இயங்குவதால், சில இடங்களில் இவை எதிர்ச்சுவரைத் தொடாமலேயே போதிய வலிமை தரும். மணிக்கட்டில் இதன் பயன் மிகுதி.

அளவு எங்கே பிசகக்கூடும்

ஆழமானி எளிய கருவி. அது பிசகும் வழிகளும் நன்கு அறியப்பட்டவை. கொக்கி எதிர்ச்சுவரைக் கடக்காமல், அண்மைச் சுவரின் உட்புறத்திலேயே மாட்டிக்கொண்டால் அளவு மிகக் குறைவாக வரும். எதிர்ப்புறத்துத் தசையிலோ சவ்விலோ மாட்டினால் அளவு கூடும். தகடு எலும்பின் மீது படியாமல் சற்றே தூக்கி நிற்கும்போது அளந்தால், திருகாணியை முடுக்கித் தகடு எலும்பில் அமர்ந்த பிறகு அந்த இடைவெளி முழுவதும் நுனியில் நீட்டமாக வெளிப்படும். சாய்வாக இடப்பட்ட துளையில் கொக்கி எந்தப் பக்கம் மாட்டுகிறது என்பதைப் பொறுத்து அளவு மாறும். எதிர்ச்சுவர் நொறுங்கிப் போயிருந்தால் கொக்கி மாட்டுவதற்கே இடமிராது. பலமுறை கிருமி நீக்கம் செய்யப்பட்டுப் பயன்பட்ட கருவியின் நுனி வளைந்திருப்பதும் உண்டு. பார்வைக்கு இது அற்பமாகத் தோன்றினும், அளவு பிசக இதுவும் போதும்.

எனவே அனுபவமுள்ள மருத்துவர் ஆழமானி காட்டும் எண்ணை மட்டும் நம்புவதில்லை. அவ்விடத்தில் எலும்பின் பருமன் எவ்வளவு இருக்க வேண்டும் என்ற மதிப்பீடு அவரிடம் முன்பே இருக்கும். 16-க்கும் 18-க்கும் நடுவே 26 என ஓர் அளவு வந்தால் மீண்டும் அளப்பார். திருகாணியை முடுக்கிய பிறகு, அறுவை அரங்கிலேயே உள்ள சி-ஆர்ம் எக்ஸ்ரே கருவியால் இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட கோணங்களில் பார்த்து உறுதி செய்வார். நீளம் பொருந்தாத திருகாணியை அப்போதே கழற்றி வேறொன்று போடுவது வழக்கமான செயலே. அறுவை மருத்துவக் குறிப்பில் அவ்வாறு எழுதப்பட்டிருப்பதைக் கண்டு நோயாளியோ குடும்பத்தினரோ அஞ்ச வேண்டியதில்லை.

துளையிடும்போதே ஆழத்தைக் கணிக்கும் உணரி பொருத்திய மின்துளைக் கருவிகளும், அளவு பொறித்த துளையூசிகளும் இப்போது உள்ளன. அவை நேரத்தை மிச்சப்படுத்தலாம். அவை இல்லாத மருத்துவமனையில் செய்யப்படும் அறுவை மருத்துவம் தரம் குறைந்தது எனக் கருதுவது சரியன்று. சரிபார்க்கும் எக்ஸ்ரே எடுக்கப்பட்டதா என்பதே முதன்மையான வினா.

மணிக்கட்டு: நீளம் கூடினால் நேர்வது

இருசக்கர வாகனத்திலிருந்து விழும்போது கையை ஊன்றுவதால் முன்கையின் ஆர எலும்பு மணிக்கட்டின் அருகே முறிவது மிகப் பரவலானது. முறிவு விலகியிருந்தால் உள்ளங்கைப் பக்கத்திலிருந்து தகடு வைத்து, திருகாணிகளைக் கையின் பின்புறம் நோக்கிச் செலுத்துவர்.

பின்புறத்தில் எலும்பின் மேற்பரப்பு தட்டையாக இல்லை. நடுவே லிஸ்டர் முகடு என்ற சிறு மேடும், அதன் இருபுறமும் பள்ளங்களும் உள்ளன. விரல்களை நீட்டும் தசைநாண்கள் அப்பள்ளங்களில் எலும்பை ஒட்டியே செல்கின்றன. கட்டைவிரலைத் தூக்கும் நீண்ட தசைநாண் அந்த முகட்டைச் சுற்றி ஒரு கப்பியில் ஓடும் கயிறு போலத் திரும்புகிறது. அங்கே ஒரு திருகாணி நுனி சிறிதளவு நீட்டிக்கொண்டிருந்தாலும், விரல் அசையும் ஒவ்வொரு முறையும் தசைநாண் அதன்மேல் உராயும். முதலில் வலியும் வீக்கமும் தோன்றும், சிலருக்கு ‘நெறுநெறு’வென்ற உணர்வு இருக்கும். நாளடைவில் தசைநாண் நைந்து அறுந்துபோகலாம். அறுந்த பின் கட்டைவிரலை மேல்நோக்கித் தூக்க இயலாது. லேத் கைப்பிடியைச் சுழற்றுபவருக்கும், தையல் இயந்திரத்தில் துணியை நகர்த்துபவருக்கும் இது பிழைப்பையே பாதிக்கும்.

இவ்வாறு நைந்த தசைநாணின் முனைகளை நேரடியாக இணைத்துத் தைப்பது பெரும்பாலும் இயலாது. சுட்டுவிரலுக்கு உள்ள இரண்டு நீட்டு தசைநாண்களில் ஒன்றை எடுத்துக் கட்டைவிரலுக்கு மாற்றிப் பொருத்துவர். பலன் நன்றாகவே இருக்கும். எனினும் அது மற்றோர் அறுவை மருத்துவம், மேலும் சில வாரங்கள் ஓய்வு.

இந்த நீட்டத்தைக் கண்டறிவதில் ஒரு சிக்கல் உண்டு. பக்கவாட்டில் எடுக்கப்படும் வழக்கமான எக்ஸ்ரே படத்தில் லிஸ்டர் முகட்டின் உயரம் அருகிலுள்ள பள்ளத்தை மறைத்துவிடும். பள்ளத்தில் 2 மி.மீ. நீட்டிக்கொண்டிருக்கும் நுனியும் படத்தில் எலும்புக்குள் இருப்பதாகவே தோன்றும். ஆகவே மணிக்கட்டை நன்கு மடக்கி, எலும்பின் பின்விளிம்பை ஒட்டிக் கதிர் செல்லுமாறு தனியே ஒரு கோணத்தில் பார்ப்பது பயனுள்ளதாகும். நீளத்தைத் தேர்வு செய்யும்போதும் இங்கே விதி தலைகீழாகிறது. எலும்பின் நடுத்தண்டில் அளவைக் கூட்டி எடுக்கும் மருத்துவர், மணிக்கட்டில் ஓரிரு மில்லிமீட்டர் குறைத்தே எடுப்பார். எதிர்ச்சுவர் வரையிலான முழு நீளத்தில் 75 விழுக்காடு இருந்தாலே லாக்கிங் திருகாணி போதிய வலிமை தருகிறது என்பது இயந்திரவியல் ஆய்வுகளில் தெரியவந்துள்ளது.

கட்டைவிரல் தசைநாண் அறுவது திருகாணியால் மட்டும் நேர்வதில்லை என்பதையும் கூற வேண்டும். விலகாத முறிவுக்கு மாவுக்கட்டு மட்டுமே போடப்பட்டவர்களிலும் சிலருக்கு இது நேர்ந்துள்ளது. காரணம் எதுவாயினும், விரைந்து மருத்துவரைக் காண்பது ஒன்றே வழி.

இடுப்பு மூட்டின் அருகே

முதியோர்க்குத் தொடை எலும்பின் மேற்பகுதி முறியும்போது, ஒரு பருமனான திருகாணியைத் தொடை எலும்பின் உருண்டையான தலைக்குள் செலுத்துவர். இங்கே எதிர்ச்சுவருக்கு அப்பால் இருப்பது இடுப்பு மூட்டு. திருகாணி நீண்டு மூட்டுக்குள் புகுந்தால் எதிரேயுள்ள குருத்தெலும்பை அரித்துவிடும். குறைந்தால், மென்மையான எலும்பைக் கிழித்துக்கொண்டு மேல்நோக்கி வெளியேறும். இங்கே ஆழமானியின் கொக்கி பயன்படாது. முதலில் ஒரு வழிகாட்டிக் கம்பியைச் செலுத்தி, எக்ஸ்ரேயில் அதன் நுனியின் இடத்தை உறுதி செய்து, வெளியே எஞ்சியுள்ள கம்பியின் நீளத்திலிருந்து உள்ளே சென்ற நீளத்தைக் கணக்கிடுவர்.

நுனி எங்கே நிற்க வேண்டும் என்பதற்கும் ஓர் அளவு உண்டு. எலும்புத் தலையின் உச்சிக்கும் திருகாணி நுனிக்கும் உள்ள தூரத்தை முன்பக்க, பக்கவாட்டு எக்ஸ்ரே இரண்டிலும் அளந்து, உருப்பெருக்கத்தைத் திருத்திக் கூட்டினால் 25 மி.மீ.-க்கு மிகாமல் இருப்பது நல்லது. 1995-ஆம் ஆண்டு அமெரிக்க மருத்துவர் பாம்கார்ட்னரும் அவருடைய குழுவினரும் 198 முறிவுகளை ஆராய்ந்து வெளியிட்ட கட்டுரையில், இந்த அளவுக்குள் அமைந்த திருகாணிகளில் ஒன்றுகூட எலும்பைக் கிழித்து வெளியேறவில்லை. இவ்வளவு எளிய ஒரு கூட்டல் கணக்கு எலும்பியலில் இத்தனை ஆண்டுகள் நிலைத்திருப்பது அரிது.

குழந்தைகளில் வளர்ச்சித் தட்டும், முழங்காலின் பின்புறத்தில் காலுக்குச் செல்லும் பெரிய தமனியும், காறை எலும்பின் அடியில் கைக்குச் செல்லும் இரத்தக் குழாய்களும் இதே போன்ற கவனம் தேவைப்படும் இடங்களாகும்.

எக்ஸ்ரே படத்தை வீட்டில் பார்ப்பவர்களுக்கு

எக்ஸ்ரே படத்தைக் கைபேசியில் படம்பிடித்து உறவினர்களுக்கு அனுப்புவது இன்று இயல்பாகிவிட்டது. ‘ஸ்க்ரூ எலும்புக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறதே’ என்ற அச்சம் பெரும்பாலும் அங்கேதான் தொடங்குகிறது. மேலே கூறியபடி, நடுத்தண்டில் நுனி ஓரிரு மில்லிமீட்டர் வெளியே தெரிவது திட்டமிட்டே செய்யப்படுவதாகும். படத்தின் மீது அளவுகோலை வைத்து அளப்பதும் சரியான விடை தராது. எக்ஸ்ரே கதிர்கள் விரிந்து செல்வதால் உடலின் பகுதிக்கேற்ப உருவம் பெரிதாகிப் பதிகிறது. இடுப்பில் இது 20 விழுக்காடு வரைகூட இருக்கலாம். உருண்டையான எலும்பை ஒரு கோணத்தில் மட்டும் பார்த்தால், உள்ளே இருப்பது வெளியேயும், வெளியே இருப்பது உள்ளேயும் தோன்றக்கூடும். ஐயம் இருப்பின் மறுபரிசோதனை நாளில் படத்துடன் சென்று, எந்தத் திருகாணி என்று சுட்டிக்காட்டி மருத்துவரிடமே கேளுங்கள். அவ்வாறு கேட்பது நோயாளியின் உரிமையாகும்.

காத்திராமல் மருத்துவமனைக்குச் செல்ல வேண்டிய நிலைகள்

படத்தைவிட உடல் தெரிவிக்கும் அறிகுறிகளே முதன்மையானவை. மணிக்கட்டில் தகடு வைத்தவருக்குக் கையின் பின்புறத்தில் ஓரிடத்தில் மட்டும் தொடர்ந்து வலி, வீக்கம், விரலை அசைக்கையில் உராய்வு ஆகியவை இருந்தால் அடுத்த மறுபரிசோதனை வரை காத்திருக்க வேண்டாம். உள்ளங்கையை மேசை மீது பதித்துக் கட்டைவிரலை மட்டும் மேலே தூக்கிப் பாருங்கள். முன்பு இயன்று இப்போது இயலாவிட்டால் சில நாட்களுக்குள் எலும்பியல் மருத்துவரைக் காண வேண்டும். இந்தத் தசைநாண் அறுவை மருத்துவத்துக்குச் சில வாரங்கள், சில மாதங்கள் கழித்தும் அறக்கூடும் என்பதால், ‘கட்டுப் பிரித்தாயிற்று, எல்லாம் சரியாகிவிட்டது’ என்று விட்டுவிடக் கூடாது.

இடுப்பில் அறுவை மருத்துவம் செய்துகொண்ட முதியவர் ஓரளவு நடந்துகொண்டிருந்து, திடீரெனத் தொடையிடுக்கில் வலி கூடி ஊன்ற இயலாமல் போனாலோ, கால் குட்டையானதாகத் தோன்றினாலோ அன்றே எக்ஸ்ரே எடுக்க வேண்டும். கை அல்லது கால் சில்லிட்டு வெளிறுதல், மரத்துப்போதல், மருந்துக்கும் அடங்காமல் பெருகும் வலி ஆகியவை அவசர நிலைகள். 108 ஊர்தியை அழைக்கவும்.

தகடும் திருகாணியும் உள்ள உறுப்பை எண்ணெய் தேய்த்து நீவுதல், இழுத்துக் கட்டுதல் ஆகியவற்றுக்கு உட்படுத்தக் கூடாது. புத்தூர் கட்டு போடும் வழக்கம் நம் பகுதியில் நெடுங்காலமாக உள்ளது. அதனிடம் நம்பிக்கை உள்ளவர்களும், உள்ளே உலோகம் பொருத்திய பின் அங்கே செல்வதைத் தவிர்க்க வேண்டும். இழுவையால் திருகாணியின் பிடிமானம் தளரக்கூடும்.

சிகிச்சை கிடைக்கும் இடங்களும் ஆவணங்களும்

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி ஆகிய இடங்களில் உள்ள அரசு மருத்துவமனைகளில் முதலுதவியும் தொடக்கச் சிகிச்சையும் பெறலாம். சிக்கலான முறிவுகளுக்குக் கீழ்ப்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை, இராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனை, திருவள்ளூர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை ஆகியவற்றை அணுகலாம். இ.எஸ்.ஐ. காப்பீடு பெற்ற தொழிலாளர்களுக்கு அயனாவரம், கே.கே. நகர் இ.எஸ்.ஐ. மருத்துவமனைகள் உள்ளன. சாலை விபத்தில் காயமுற்றவர்களுக்கு, 2021 டிசம்பரில் தொடங்கப்பட்ட ‘இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48’ திட்டத்தின்கீழ் அங்கீகரிக்கப்பட்ட மருத்துவமனைகளில் முதல் 48 மணி நேரச் சிகிச்சை கட்டணமின்றி அளிக்கப்படுகிறது. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் குறித்த விவரங்களை மருத்துவமனையிலுள்ள காப்பீட்டு உதவி மையத்தில் கேட்டறியலாம். பொதுவான ஐயங்களுக்கு 104 என்ற எண்ணை அழைக்கலாம்.

எலும்பியல் உள்பொருத்திகள் 2005 முதல் இந்தியாவில் மருந்துச் சட்டத்தின் கட்டுப்பாட்டில் உள்ளன. 2018 சனவரி 1 முதல் மருத்துவக் கருவிகள் விதிகள், 2017 நடைமுறையில் உள்ளன. ஒவ்வொரு தகட்டுக்கும் திருகாணிக்கும் தயாரிப்பாளர் பெயர், அளவு, தொகுதி எண் ஆகியவை உண்டு. மருத்துவமனையை விட்டுச் செல்லும்போது, பொருத்தப்பட்டவற்றின் விவரம் வெளியேற்றச் சுருக்கத்தில் எழுதப்பட்டுள்ளதா என்று பாருங்கள். உறையிலுள்ள ஒட்டுச்சீட்டு இருந்தால் அதையும் கேட்டுப் பெற்று, அறுவைக்குப் பிந்தைய முதல் எக்ஸ்ரேயுடன் சேர்த்து வையுங்கள். எம்.ஆர்.ஐ. எடுக்க நேர்ந்தால், பொருத்தப்பட்டது டைட்டானியமா துருவேறா எஃகா என்பதை அங்குள்ளவர்கள் கேட்பார்கள்.

தகட்டைப் பின்னர் அகற்ற வேண்டி வரும்போதும் இச்சீட்டு உதவும். எல்லோருக்கும் அகற்ற வேண்டியதில்லை. முன்கைத் தகட்டை அகற்றுவதாயின் பொதுவாக ஒன்றரை முதல் இரண்டு ஆண்டுகள் கழித்தே செய்வர், அதற்கு முன் அகற்றினால் மீண்டும் முறியும் வாய்ப்பு கூடுதல். திருகாணித் தலையின் பள்ளம் அறுகோண வடிவிலோ நட்சத்திர வடிவிலோ இருக்கும். அதற்குப் பொருந்தும் திருப்புளி இல்லாவிடில் தலை சிதைந்து, வெளியே எடுப்பது கடினமாகும். சீட்டு கையில் இருந்தால் மருத்துவர் உரிய கருவியை முன்கூட்டியே வரவழைத்துக்கொள்வார். இல்லையெனில் எக்ஸ்ரே நிழலைப் பார்த்து ஊகித்து, பல வகைத் திருப்புளிகளை எடுத்து வைத்துக்கொண்டு தொடங்க வேண்டியிருக்கும்.